வல்லாரையா, நீர்ப்பிரமியா: அம்மாவின் மறதிக்கு எதை வாங்குவது?

தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மா முறுக்கு மாவில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டார். அது யாருக்கும் நடக்கும் என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம் பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனவர் காய்கறிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, பையைக் கடையிலேயே வைத்துவிட்டு வீடு திரும்பினார். எந்தக் கடை என்று கேட்டால் அதுவும் நினைவில்லை. அம்மாவுக்கு 71 வயது. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அன்று இரவு அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு மாதத்துக்குள் எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று பொருள்கள் வந்து சேர்ந்தன. பட்டர்வொர்த்தில் இருக்கும் அண்ணன் இணையத்தில் வாங்கிய பிரம்மி கேப்சூல். கேரளாவுக்குப் போய்வந்த பெரியம்மா கொண்டுவந்த பிரம்மி நெய். நான் சந்தையில் வாங்கிய இரண்டு கட்டு வல்லாரை. ஒரே மூலிகையைத்தான் ஆளுக்கொரு வடிவில் வாங்கியிருக்கிறோம் என்று மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உட்கார்ந்து படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மேசையில் இருந்தவை ஒரே செடி இல்லை. பினாங்கில் இதே கேள்வியோடு நிற்கும் வீடுகள் நிறைய இருக்கும் என்பதால் நான் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

குழப்பம் பெயரில் தொடங்குகிறது. வடஇந்தியாவில் பல இடங்களில் ‘பிரம்மி’ என்று கேட்டால் வல்லாரையைக் கொடுப்பார்கள். கேரளாவில் அதே பெயரைச் சொன்னால் நீர்ப்பிரமி வரும். வடமொழி நூல்களில் வல்லாரைக்கு மண்டூகபர்ணி என்று தனிப்பெயரே உண்டு. மண்டூகம் என்றால் தவளை. ஆனாலும் நடைமுறையில் இரண்டு பெயர்களும் கலந்துவிட்டன. செடிகளுக்குள் உறவே கிடையாது. வல்லாரை கொத்தமல்லி, சீரகக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீர்ப்பிரமி வேறொரு குடும்பம். உள்ளே இருக்கும் வேதிப்பொருள்களும் வேறு: வல்லாரையில் ஆசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு, நீர்ப்பிரமியில் பகோசைடு. ஒன்றுக்குச் செய்த ஆய்வின் முடிவைக் காட்டி இன்னொன்றை விற்பதும் வாங்குவதும் இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் நடக்கிறது.

கண்ணால் பார்த்தால் பிரித்துவிடலாம். வல்லாரை இலை சிறுநீரக வடிவம், ஓரத்தில் சிறு பற்கள், காம்பு சேரும் இடத்தில் ஒரு வெட்டு. கொடி தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும். நீர்ப்பிரமி இலை சின்னது, தடித்தது, கரண்டி மாதிரி இருக்கும். தண்டில் எதிரெதிராக வளரும், பூ வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும். மலாயில் முதலாவதைப் பெகாகா என்பார்கள், இரண்டாவதைப் பெரெமி என்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். பூந்தொட்டியிலும் மீன் தொட்டியிலும் வளர்க்கும் வட்ட இலைச் செடி. காம்பு இலையின் நட்டநடுவில், குடைக்குக் கம்பி போல வந்து சேரும். அது வல்லாரையின் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் மருந்துக்கு அதைக் கொள்ளக்கூடாது. காம்பு எங்கே சேர்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேப்சூலிலும் பொடியிலும் இலையைப் பார்க்க வழியில்லை. அங்கே லேபிளில் இருக்கும் லத்தீன் பெயர்தான் துணை. சென்டெல்லா ஏசியாட்டிகா என்றால் வல்லாரை. பகோபா மோனியேரி என்றால் நீர்ப்பிரமி. வெறும் ‘பிரம்மி’ என்று மட்டும் போட்டிருந்தால் நான் அதை வாங்க மாட்டேன். அண்ணன் வாங்கிய குப்பியில் பகோபா என்று இருந்தது. பெரியம்மாவின் நெய் கேரளத் தயாரிப்பு, அதிலும் நீர்ப்பிரமிதான். ஆக, மேசையில் வல்லாரை என் கையில் இருந்தது மட்டும்தான்.

இனி, எது நல்லது?

அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. இதைச் சொல்லாமல் மூலிகைகளை ஒப்பிடுவது தவறு என்று நினைக்கிறேன். மறதி ஒரு நோயின் பெயர் இல்லை. பல காரணங்களின் வெளி அடையாளம். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். மனச்சோர்விலும் வரும். தூக்கம் கெட்டாலும், காது சரியாகக் கேட்காவிட்டாலும் மறதி போலவே தெரியும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு உடலில் வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் நினைவைத் தொடும், கால் மரத்துப்போகும். அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போவது ஓராண்டாக இருந்தது. சர்க்கரைதான் காரணம் என்று சும்மா இருந்துவிட்டோம். அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தோம். தைராய்டு சரி. பி12 குறைவு.

இதைக் கேட்டதும் அண்ணன், “அப்போ மூலிகையே வேண்டாமா?” என்றார். அப்படியில்லை. எதை முதலில் தொடங்குவது, எதை நிறுத்திவைப்பது என்பதை அந்த ஒரு சோதனை முடிவு மாற்றிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வல்லாரையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆயுர்வேத மூல நூலான சரக சம்ஹிதையில் அறிவை வளர்க்கும் ரசாயனங்கள் (வலுவூட்டும் மருந்துகள்) என்று நான்கைச் சொல்லியிருக்கிறது: மண்டூகபர்ணியின் சாறு, பாலில் கலந்த அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுஷ்பியை அரைத்த விழுது. வல்லாரையைப் பச்சையாக இடித்துப் பிழிந்த சாறாகவே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். காய்ந்த பொடிக்கு அங்கே இடமில்லை. வல்லாரை ஈரத்தில் வாழும் செடி, காயவைத்தால் நிறமும் மணமும் போய்விடும். சென்னையிலிருந்து வந்த பொடிப் பொட்டலத்தைத் திறந்து மோந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காய்ந்த புல் வாசம்தான் வரும். அதே வேளையில் காலையில் சௌராஸ்தா சந்தைப் பக்கம் போனால் பனியோடு கட்டிவைத்த கீரை கிடைக்கிறது. இரண்டு மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கினால் ஒரு வீட்டுக்கு இரண்டு நாளைக்குப் போதும். சரகர் சொன்ன வடிவத்துக்கு மிக நெருக்கமானது பினாங்கில் காய்கறித் தட்டிலேயே இருக்கிறது.

(அந்த நான்கில் சங்கபுஷ்பி எது என்பதிலும் சர்ச்சை உண்டு. வடக்கே ஒரு சிறு கொடியைச் சொல்கிறார்கள். கேரளாவில் நம் சங்குப்பூக் கொடியை எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே சீன-மலாய்க் கலப்பு மரபினரான நோன்யாக்கள் பலகாரத்துக்கு நீலம் ஏற்றும் புங்கா தெலாங் அதே சங்குப்பூதான்.)

மலாய்க்காரர்கள் இதை உலாமாகப் பச்சையாகவே சம்பாலில் தொட்டுச் சாப்பிடுவார்கள். தேங்காயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் கெராபு என்ற பச்சைக் கலவை செய்வார்கள். நம் வீட்டில் துவையல். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, தேங்காய், கடைசியில் நல்லெண்ணெயில் ஒரு நிமிடம் மட்டும் வதக்கிய கீரை. கசப்பு புளியில் அடங்கிவிடும். அம்மா சிறுமியாக இருந்தபோது தோட்டத்தில் பாட்டி செய்துகொடுத்ததாகச் சொல்லுவார்; சரஸ்வதி கீரை என்றுதான் பாட்டி சொல்வாராம். அந்த நினைவு அம்மாவிடம் இன்னும் தெளிவாக இருக்கிறது.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று. ஞாபகசக்திக்கு வல்லாரை என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தாலும், மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் அதற்கான சான்று பலமாக இல்லை. தாய்லாந்தில் முதியவர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளிவந்த தொகுப்பாய்வு, நினைவாற்றலில் தெளிவான வித்தியாசம் இல்லை என்றது. மனத்தின் விழிப்பு மட்டும் சற்றுக் கூடியதாகச் சொன்னது. வல்லாரைக்கு உறுதியான இடம் வேறு: புண் ஆற்றுவது, தோல், காலில் ரத்தநாளம் தளர்ந்து வீங்குவது. கொரியக் களிம்புகளில் ‘சிக்கா’ என்று விற்பதும் இந்த வல்லாரைதான். பாட்டிகள் புண்ணுக்கு இதை அரைத்துப் பூசியதை ஆய்வுக்கூடம் நன்றாகவே உறுதிப்படுத்தியிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மண்ணில் இருக்கும் ஈயம் போன்ற உலோகங்களை இந்தச் செடி எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். லோங்காங் (சாக்கடை) ஓரத்திலும் சாலையோரத்திலும் தானாக வளர்வதைப் பறிக்காதீர்கள். ஈரநிலச் செடி என்பதால் பச்சையாகத் தின்பதற்குமுன் இலை இலையாகக் கழுவ வேண்டும். இரண்டாவது, கீரையாகச் சாப்பிடுவது வேறு, செறிவூட்டிய மாத்திரையாகச் சாப்பிடுவது வேறு. வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்துக்கொண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2005இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியிருக்கிறது, நிறுத்தியதும் சரியானது. அரிதுதான். ஆனாலும் கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மாத்திரைப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்து நீர்ப்பிரமிக் கேப்சூல். நினைவாற்றல் என்ற ஒரே நோக்கத்துக்கு எது என்று கேட்டால், சான்றின் தட்டு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இதை நெடுநாள் ஆராய்ந்து ஒரு சாரத்தை உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2001இல் வெளியான ஆய்வில் நலமாக இருந்த பெரியவர்களுக்கு அந்தச் சாரத்தைத் தினமும் 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். கற்கும் வேகமும் கற்றதைத் தக்கவைப்பதும் முன்னேறின. ஆனால் 12 வாரம் கழித்துத்தான். 65 வயதைக் கடந்தவர்களிடம் 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்விலும் அதே அளவு, அதே 12 வாரம். கேட்ட சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வது மேம்பட்டது. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் டிமென்ஷியா (மூளைத்திறன் தேயும் நோய்) நோயாளிகள் இல்லை என்பதை மறக்கக்கூடாது. அந்த நோய் வந்துவிட்டவரை இது மீட்டுவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இந்த 12 வாரம் முக்கியமான கணக்கு. எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. பிள்ளைக்கு வயிற்றுக் கலக்கல்தான் மிஞ்சும். ஏனென்றால் இதன் வழக்கமான தொல்லை வயிறுதான்: குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி வெளியே போவது. வெறும் வயிற்றில் எடுக்கக்கூடாது, சாப்பாட்டோடுதான்.  பிள்ளைகளைப் பொறுத்தவரை, ராத்திரி எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் தட்டில் ஒரு கீரையும் இருந்தால் கேப்சூலே தேவையில்லை என்பது என் கருத்து.

யார் எடுக்கக்கூடாது என்பதும் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத் துடிப்பு மெதுவாக உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், டிமென்ஷியாவுக்கு டோனெபெசில் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நீர்ப்பிரமியும் டோனெபெசிலும் மூளையில் ஒரே நொதியின் மேல் வேலை செய்கின்றன, சேர்த்தால் இரட்டிப்பாகிவிடலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

பெரியம்மாவின் நெய்க்கு வருகிறேன். அவர் தூரதேசத்திலிருந்து பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தது. அதை ஒதுக்குவது எளிதாக இல்லை. பிரம்மி கிருதம் என்ற இந்த நெய் பழைய மருந்துக் கலவை; சரகர் வலிப்புக்கான சிகிச்சையில் சொல்கிறார். பிரம்மிச் சாறு, வசம்பு, கோஷ்டம், சங்கபுஷ்பி, பழைய நெய். இதை ஆயுர்வேத வைத்தியர் நாடி பார்த்து, செரிமானம் பார்த்து, இத்தனை கரண்டி, இத்தனை நாள் என்று கொடுப்பார். அதில் இருக்கும் வசம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடைசெய்தது. வைத்தியர் கண்காணிப்பில் குறைந்த நாள் கொடுப்பதும், கடையில் வாங்கி மாதக்கணக்கில் தினமும் ஒரு கரண்டி விழுங்குவதும் ஒன்றில்லை. அம்மாவுக்குக் கொழுப்பும் கூடுதல். “வைத்தியரைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம் பெரியம்மா” என்றேன். “சரிப்பா, அவளுக்கு நல்லது எதுவோ அதைச் செய்” என்றார்.

லிட்டில் இந்தியாவில் பிரம்மி சேர்ந்த சாரஸ்வதாரிஷ்டமும் கிடைக்கும். நீரிழிவுக்காரர்களுக்கு அது சரிவராது. அரிஷ்டம் என்பது வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துப் புளிக்கவைப்பது. இனிப்பும் இருக்கும், தானாக உண்டாகும் ஆல்கஹாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை இருக்கும். பிரம்மித் தைலம் தலைக்குக் குளிர்ச்சி, தேய்த்துவிடும் கைக்கு ஆறுதல். நினைவுக்கு மருந்து என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எதை வாங்கினாலும் கடையில் ஒரு நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டியது பதிவு எண். மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பாரம்பரிய மருந்துகளும் பதிவு செய்யப்பட வேண்டும். பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் டி (T) என்ற எழுத்தில் முடியும். கூடவே ஹோலோகிராம் ஒட்டியிருக்க வேண்டும். எண்ணைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத் தேடலில் போட்டால், பொருளின் பெயர் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அண்ணன் வாங்கிய குப்பியில் எண்ணே இல்லை. இது வெறும் காகிதச் சடங்கு இல்லை. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தது. ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. மறதிக்கு மருந்து தேடிப்போய், மூளையைக் கெடுக்கும் ஈயத்தை அம்மாவுக்கு நாமே கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்தக் குப்பியை அன்றே ஒதுக்கிவிட்டோம். அண்ணனுக்கு வருத்தம்தான், காசு போனதற்காக இல்லை.

வைத்தியரிடம் போவதென்றாலும் பதிவைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் ஆயுர்வேதமும் சித்தமும் இந்திய பாரம்பரிய மருத்துவம் என்ற பிரிவில் வருகின்றன. பதிவுபெற்ற வைத்தியர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் அவர் முன்னால் கொட்டுவதுதான் நல்ல வழி; பெயர் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

சரி, நாங்கள் என்ன முடிவெடுத்தோம்? கிளினிக்கில் கொடுத்த பி12 முதலில். கூடவே வல்லாரை, மருந்தாக இல்லை, சாப்பாடாக: வாரத்தில் மூன்று நாள் துவையல் அல்லது கெராபு. நீர்ப்பிரமிக் கேப்சூலை மூன்று மாதம் தள்ளிவைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பி12 ஏறிய பிறகும் மறதி அப்படியே இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, பதிவு எண்ணுள்ள பகோபா சாரம், தினமும் 300 மில்லிகிராம், காலைப் பசியாறிய பிறகு. தொடங்கும் தேதியிலிருந்து 12 வாரம் எண்ணி நாட்காட்டியில் வட்டம் போட்டுவைப்போம். அந்த நாளில் வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம்.

உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்தால் முடிவும் வேறாகத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, வேறு மாத்திரையும் இல்லை, ஐம்பது வயதில் பெயர்கள் மட்டும் நழுவுகின்றன என்றால் நேராகவே நீர்ப்பிரமியைத் தொடங்கிப் பார்க்கலாம். கால் வீக்கமோ ஆறாத புண்ணோ என்றால் வல்லாரைதான் பேச்சு. நீரிழிவு இருந்து புண் ஆறவில்லை என்றால் எந்த இலையையும் அரைக்காமல் நேரே கிளினிக்.

வல்லாரையை வாங்கிவரும் வேலையை இப்போது அம்மாவிடமே கொடுத்திருக்கிறோம். தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடந்துவிட்டு, சனிக்கிழமைகளில் என்னோடு சந்தைக்கு வருகிறார். கட்டை உதறி ஒரு இலையைக் கிள்ளி, காம்பு சேரும் இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறார். பையை நான் வாங்கிக்கொள்வதில்லை. அவரே தூக்கிவருகிறார்.